9 பெட்டைக்கு 3 சேவல்: ஓயாத சண்டை, முட்டையும் சரியாகப் பொரிவதில்லை

கேள்வி: புறக்கடை_திண்டுக்கல்

சிறுவிடைக் கோழி, பெட்டை 9, சேவல் 3. சேவல் மூன்றும் ஒரே ஈட்டில் (ஒரு தாயின் ஒரே அடையில்) பொரிந்தவை, வயசு 7 மாசம். பெட்டையில் 4 அதே ஈடு. பகலில் 3 சென்ட் புறக்கடையில் மேயும், ராத்திரி எல்லாம் ஒரே கூண்டு. ஒரு மாசமாக சேவல்களுக்குள் ரத்தம் வருகிற சண்டை. இரண்டு பெட்டைக்கு முதுகில் மயிரே இல்லை. அடை வைத்த 12 முட்டையில் 5 தான் பொரிந்தது. ஒரு சேவல் முட்டை எடுக்கப் போனால் பின்னாலிருந்து பாய்கிறது. வீட்டில் 4 வயசுக் குழந்தை இருக்கிறது. எத்தனை சேவல் வைக்கலாம், எதைக் கழிக்கலாம்?

பதில் 1: பஞ்சாரம்

9 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். 8 முதல் 10 வரை ஒன்று தாராளமாகச் சமாளிக்கும். சேவல் அதிகமானால் முட்டையில் கரு நன்றாகக் கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நடப்பது நேர்மாறு. ஒன்று மிதிக்க (இணைசேர) ஏறியதும் இன்னொன்று ஓடிவந்து தள்ளிவிடும். மிதி முழுசாக முடியாது, பெட்டைக்குக் கீறல்தான் மிச்சம்.

ஆனால் பொரியாத 7 முட்டைக்கும் சேவல்தான் காரணம் என்று முடிவு கட்டாதீங்க. அடுத்த ஈட்டில் 7ஆம் நாள் ராத்திரி, அட்டையில் ஓட்டை போட்டு செல்போன் டார்ச்சை அதில் வைத்து முட்டையைப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடினால் கரு வளர்கிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரு கூடாத கூமுட்டை, அங்கே சேவலைச் சந்தேகப்படலாம். ரத்தம் வளையமாக நின்றிருந்தால் கரு கூடிப் பிறகு செத்தது: சூடு, 10 நாளுக்கு மேல் வைத்திருந்த பழைய முட்டை, அடைக்கோழி அடிக்கடி எழுந்து போனது, இப்படி வேறு காரணம்.

பதில் 2: கொண்டைப்பூ

பாய்கிற சேவலை முதலில் கழிங்க. குணம் குஞ்சுக்கும் இறங்கும். சேவல் பாயும் உயரத்தில்தான் 4 வயசுக் குழந்தையின் கண் இருக்கிறது. பழக்கிப் பார்ப்பதெல்லாம் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குச் சரி.

மற்ற இரண்டையும் ஒரு வாரம் கவனிங்க. ஒரு இறக்கையைத் தாழ்த்தி, கால் நகம் அதில் உரசிச் சரசரக்க, பக்கவாட்டில் அரைவட்டம் அடித்துப் பெட்டையிடம் வந்தால் அது அழைப்பு. அதையே உங்கள் காலைப் பார்த்துச் செய்தால் மிரட்டல், அடுத்து பாய்ச்சல்தான். அப்போது ஓடவும் கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளும், உதைத்தால் சண்டைக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும். அசையாமல் நின்று, அது தலையைத் திருப்பிக்கொண்டதும் மெதுவாக நகருங்க. புழுவோ தானியமோ கிடைத்தால் தான் தின்னாமல் கொக்கொக்கென்று பெட்டையைக் கூப்பிடுகிறதா, பருந்து நிழல் விழுந்தால் குரல் கொடுக்கிறதா என்றும் பாருங்க. இரண்டும் செய்கிற சேவலை விடாதீங்க.

விடியலில் முதலில் கூவுவது எது என்பதும் பயன்படும். சேர்ந்து வளரும் சேவல்களில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி பின்னால் கூவும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். தலைமைச் சேவலே கழிக்க வேண்டியதாக இருந்தால், அடுத்த இடத்துக்கு மீதி இரண்டும் கொஞ்சநாள் மோதும். அதற்குத் தயாராக இருங்க.

பதில் 3: வேலியோரம்

முதுகைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மயிர்த் தண்டு பாதியில் ஒடிந்து நின்றால் மிதித்ததால். ஆசனவாய்ப் பக்கம் மயிரின் அடியில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை, அதற்கு வைத்தியம் வேறு. ஒடிந்த தண்டைப் பிடுங்காதீங்க, ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தும். அடுத்த மயிர் உதிர்வில் தானே புதுசு முளைக்கும். புண் இருந்தால் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, ஆறும் வரை தனியாகப் பஞ்சாரத்தில் (கோழி மூடும் கூடை) கவிழ்த்து வையுங்க.

7 மாசச் சேவலுக்குக் காலின் பின்பக்க முள் சின்னதாகத்தான் இருக்கும். கீறுவது கால் நகம். ராத்திரி பிடித்து, நுனியில் 2 மில்லிமீட்டர் வெட்டி அரத்தால் மழுக்குங்க. ரத்தம் கசிந்தால் படிகாரத்தை அழுத்திப் பிடித்தால் நிற்கும். பின்னாளில் முள் வளர்ந்ததும் கூர் நுனியை மட்டும் எடுங்க, உள்ளே எலும்பு இருக்கிறது.

புறக்கடை_திண்டுக்கல்:

பாய்கிறதைக் கழித்துவிடுகிறேன். மீதி இரண்டில் ஒன்றைப் பெட்டை இல்லாமல் தனியாக வைக்கலாமா? நிற்கிற சேவலும் பெட்டைக்கு அண்ணன் தம்பிதானே?

பதில் 1: பஞ்சாரம்

வைக்கலாம். பெட்டை கண்ணில் படாதபடி கோணிச்சாக்கு கட்டி மறையுங்க, கண்ணில் பட்டால் வலையிலேயே மோதிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பிரித்த சேவல்களை ஒரு மாசம் கழித்துச் சேர்த்தால் அறிமுகமில்லாதவை மாதிரி அடித்துக்கொள்ளும், அதனால் திரும்பச் சேர்க்கும் எண்ணமே வேண்டாம்.

ஒரே ஈட்டுச் சேர்க்கை தலைமுறை போகப் போகப் பொரிப்பைக் குறைக்கும். நல்ல குணமுள்ள இந்தச் சேவலை வேறு ஊர் வளர்ப்பாளரிடம் கொடுத்து, அதே மாதிரி சாதுவான ஒன்றை மாற்றிக்கொள்ளுங்க. பழைய சேவலின் விந்து பெட்டை வயிற்றில் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். ஆகவே பழையதைப் பிரித்த நாளிலிருந்து 21 நாள் இடுகிற முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, 22ஆம் நாள் முட்டையிலிருந்து அடைக்குச் சேர்த்து வையுங்க. புதுச் சேவலை முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே விட்டுவிடுங்க, பெட்டைகள் பழகவும் நாள் வேண்டும்.