கலைச்சொல் உதவி தேவை: தெருவுக்குப் பொதுவாக வைக்கும் சிசிடிவி

அனைவருக்கும் வணக்கம்.

குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கம்யூனிட்டி சிசிடிவி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடைக்காரர் தன் கல்லாவுக்கு மேல் மாட்டுவது வேறு. மாநகராட்சிப் பணத்திலோ எம்.எல்.ஏ. தொகுதி நிதியிலோ தெருமுனைக் கம்பத்தில் மாட்டி, காவல் நிலையத்தில் பார்ப்பது வேறு. யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பழுதானால் யார் செலவு என்று கையேடு முழுக்க இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது. செய்தித்தாள்களில் இரண்டுமே 'கண்காணிப்பு கேமரா'தான். இப்போதைக்கு 'சமூகப் பாதுகாப்புக் கேமரா' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

(திருச்சியிலிருந்து)

*

அம்மா, 'காவற்கண்' என்று வையுங்கள். காவல் + கண். வல்லினம் வர லகரம் றகரமாகும், அவ்வளவுதான். "ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்" என்று வள்ளுவர், உளவு பற்றிய ஒற்றாடல் அதிகாரத்தைத் தொடங்கும்போதே அரசுக்குக் கண் கொடுத்துவிட்டார். பொதுப்பணம் என்ற பொருளும் வேண்டுமென்றால் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' இருக்கிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்த வரி அது. ஊர்ப்பணத்தில் காவல் என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. 'பாடிகாவற்கண்' என்றே எழுதலாம்.

(தஞ்சாவூர், தமிழாசிரியர், ஓய்வு)

*

ஐயாவுக்கு வணக்கம். பாடிகாவல் நல்ல சொல், நமக்கு. காவல் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் 'பாடி' என்றால் இன்று பிணம். இன்னொன்றும் உண்டு. தென்மாவட்டங்களில் பாளையக்காரர்கள் தலகாவல், தேசகாவல் என்று வாங்கிய பணத்தைக் கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். கொடுத்தால்தான் காவல் என்ற அந்த ஏற்பாட்டை நினைவூட்டும் சொல் இந்தக் கையேட்டில் வேண்டாம்.

'பாதுகாப்பு' என்பதையும் நான் ஏற்கவில்லை. கருவி பதிவு செய்கிறது. பாதுகாக்கிறதா என்பது ஒவ்வொரு வழக்கிலும் தனியாக நிறுவவேண்டியது. 2020இல் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்த வழக்கின் சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கையே சொன்னது. அதே 2020 டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேமராவின் வேலை மாறுகிறது. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

(மதுரை, வழக்கறிஞர்)

*

'கண்காணி' என்று ஒற்றைச் சொல்லாக வைத்தால் என்ன? கண்ணால் காண்பது, இகர விகுதி. 'ஊர்க்கண்காணி'. கோயில் கல்வெட்டுகளிலும் கண்காணி செய்வோர் வருகிறார்கள். சுருக்கமாகவும் இருக்கும், பன்மையும் எளிது.

(கோவை, மென்பொருள் துறை)

*

அண்ணா, தயவுசெய்து அது வேண்டாம். மலையகத்தில் அந்தச் சொல் கங்காணியாக எங்கள் வீடுகளுக்குள் வந்த சொல். ஆள் பிடித்துக் கூட்டிவந்தவர், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்தவர், கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நின்றவர். மலாயாவிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அது வெறும் வேர்ச்சொல்லாக இருக்கலாம். என் பாட்டிக்கு அது ஒரு ஆளின் முகம். அப்புறம், கேமரா என்பதை நாங்கள் 'கமரா' என்றுதான் எழுதுகிறோம். அதையும் கவனிக்க.

(ஹட்டன்)

*

கமரா என்றதும் நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பழைய வீடுகளில் 'காமரா உள்' என்று ஓர் அறை இருக்கும். போர்த்துக்கீசியர் வழி வந்தது; அறை என்றே பொருள். இருட்டறையில் ஒரு சிறு துளை வழியாக வெளிக்காட்சி தலைகீழாக விழும், அதிலிருந்துதான் படக்கருவிக்கும் அந்தப் பெயர். ஆக நாம் அறையைத் தெருவில் தொங்கவிட்டு அதற்குக் கேமரா என்கிறோம். தமிழில் கண் இருக்க அறை எதற்கு? புகாரில் நாற்சந்திப் பூதம் குற்றவாளிகளைப் பிடித்ததாகச் சிலம்பு சொல்கிறது. சதுக்கத்தில் நிற்பது என்ற பொருளில் 'சதுக்கக்கண்' என்றுகூட...

(தஞ்சாவூர்)

*

ஐயா, பூதம் வரைக்கும் போய்விட்டோம். கம்பத்தடிக்கு வருகிறேன்.

'பொது' என்பதே தெளிவாக இல்லை. சென்னையில் 2017க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்று காவல்துறை முன்னெடுத்தபோது கடைகளும் அடுக்ககங்களும் நிறையவே செலவு செய்தன. அது மக்கள் பணம். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் வரும் பாதுகாப்பான நகரத் திட்டத்தில் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு. இது அரசுப் பணம். கையேடு இரண்டையும் ஒரே தலைப்பில் பேசுகிறது. எங்கள் தெருவில் வசூல் செய்து வைத்தார்கள். மின்சாரம் யார் வீட்டு மீட்டரில் என்று தகராறு வந்து, இப்போது பதிவுப் பெட்டியின் விளக்கு எரிவதில்லை. அதனால்தான் சொல்லில் உரிமையாளர் தெரியவேண்டும் என்று கேட்கிறேன். 'ஊர்' என்றால் இரண்டும் அடங்குமா?

இன்னொரு கேள்வி, 'ஃபுட்டேஜ்' என்பதற்கு என்ன? 'பதிவு' போதுமா?

(திருச்சி)

*

'பதிவு' போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வைக்கவேண்டும். 'பதிவுச் சான்றிதழ்' என்று எழுதினால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 'காட்சிப்பதிவு' என்று எழுதுங்கள். பெட்டியின் கடிகாரத்தைச் சரிபார்க்கவேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். திரையில் ஓடும் நேரம் பத்து நிமிடம் தள்ளியிருந்தால் குறுக்கு விசாரணையில் எல்லாம் போய்விடும்.

'ஊர்க் கண்காணிப்புக் கேமரா' எனக்குச் சம்மதம்.

(மதுரை)

*

எனக்கும் சரி. சிசிடிவியின் 'சிசி'யை 'மூடிய சுற்று' என்று யாரும் மொழிபெயர்க்கக் கிளப்பாதவரை மகிழ்ச்சி. இப்போதெல்லாம் இணையம் வழியாகத்தான் படம் போகிறது, எதுவும் மூடியிருப்பதில்லை.

(கோவை)

*

'கண்காணிப்பு' தொழிற்பெயர் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். ஆளைக் குறிக்கும்படி எங்கும் சுருக்கவேண்டாம். ஆனால் நகரத்துத் தெருவை 'ஊர்' என்றால் கொழும்பில் இருப்பவர் புரிந்துகொள்ளமாட்டார்.

(ஹட்டன்)

*

பெரும்பான்மை அதுவென்றால் தடுக்கவில்லை. ஆனால் ஐந்து எழுத்துத் தமிழ்ச்சொல் முறையாகப் புணர்ந்து கையில் இருக்க, கேமராவை இழுத்துக்கொண்டு போவதை ஏற்கமாட்டேன். காவற்கண்ணை ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள்.

(தஞ்சாவூர்)

*

அனைவருக்கும் நன்றி. 'ஊர்க் கண்காணிப்புக் கேமரா', 'காட்சிப்பதிவு' என்று மாற்றிவிட்டேன். காவற்கண் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக வருகிறது. இலங்கைப் பதிப்பு வந்தால் 'ஊர்' பற்றி மறுபடி பேசவேண்டும். நாளைக்குள் இன்னொன்று வேண்டும்: நிலையத்தில் திரையை உட்கார்ந்து பார்க்கும் காவலருக்கு என்ன பெயர்?

(திருச்சி)