தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை: கையில் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடுமா?

கேள்வி:
14 மாதங்களுக்கு முன் நடந்த பைக் விபத்தில் என் தம்பியின் மேற்கை எலும்பு முறிந்து, அதை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பும் சேதமடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு தொங்கியே கிடக்கிறது, விரல்களை நீட்ட முடியவில்லை. நரம்பு இனி மீளாது என்று கூறிய மருத்துவர், தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார். அதாவது, வேலை செய்யும் ஒரு தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை) இடம் மாற்றி, செயலிழந்த தசையின் நாணோடு இணைப்பார்களாம். வேலை செய்யும் தசையை எடுத்தால் இருக்கும் பிடியும் போய்விடுமோ என்று அம்மா அஞ்சுகிறார். காலம் கடந்துவிட்டதோ என்பது என் கவலை.

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட்):
அம்மாவின் அச்சம் இயல்பானதே. ஆனால், எடுத்தாலும் கை தாங்கிக்கொள்ளும் தசையை மட்டுமே எடுப்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை விதி. மணிக்கட்டை மடக்க இரண்டு முக்கியத் தசைகள் உள்ளன. ஒன்றின் நாணை விரல்களை நீட்டும் நாண்களோடு இணைத்தாலும், மற்றொன்று மடக்கும் வேலையைத் தொடரும். முன்கையை உட்புறம் திருப்பும் தசை ஒன்றை மணிக்கட்டைத் தூக்கப் பயன்படுத்துவார்கள். உங்கள் மணிக்கட்டை நன்றாக மடக்கிக்கொண்டு ஒரு பொருளை இறுகப் பிடித்துப் பாருங்கள், முடியாது. மணிக்கட்டு நிமிர்ந்தால் தம்பியின் பிடி வலுப்பெறவே செய்யும்.

நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. மட்டுமே வளரும், நரம்புத் தொடர்பை இழந்த தசையோ ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் மீட்க இயலாத நிலையை அடையும் என்பதால், காலக்கெடு நரம்புச் சீரமைப்புக்குத்தான். உயிரோட்டமுள்ள தசையை இடம் மாற்றும் இச்சிகிச்சைக்கு அது பொருந்தாது. மூட்டுகள் இறுகியிருந்தால் மட்டும் பயன் கிடைக்காது. எனவே இன்றிலிருந்தே மறு கையால் விரல்களையும் மணிக்கட்டையும் நிமிர்த்திப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

பதில் 2:
எனக்கு வலது கையில் இதே சிகிச்சை நடந்தது. நான்கு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல் அசையவில்லை, நான் அழுதுவிட்டேன். "மணிக்கட்டை மடக்குவதாக நினையுங்கள்" என்றார் பயிற்சியாளர். அப்படி நினைத்தபோது விரல்கள் நீண்டன. இன்று டம்ளரைப் பிடிக்கிறேன், பேனா பிடித்து எழுதுகிறேன். பழைய வலிமை முழுவதும் திரும்பவில்லை என்பதையும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியிலேயே டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு இம்முறையில் சிகிச்சை அளித்தார். நம் ஊருக்கு இது புதிதல்ல என்று அம்மாவிடம் சொல்லலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், அதற்குப் பிந்தைய பயிற்சியை யார், எங்கே, எத்தனை மாதம் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியின் கட்டைவிரல் சற்று இறுகியிருப்பதை இப்போதுதான் கவனித்தோம். அதை முதலில் மருத்துவரிடம் காட்டுகிறோம்.