அம்மாவைக் கப்பலில் அழைத்துச் செல்லலாமா?

செம்பூர், மாட்டுங்கா உறவுகளுக்கு வணக்கம். சனிக்கிழமை மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போவதாக இருக்கிறோம். அந்தக் கப்பலின் முந்தைய பயணத்தில் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது, நோரோவைரஸ் என்கிறார்கள். கப்பலைச் சுத்தம் செய்துவிட்டதாக நிறுவனம் சொல்கிறது.

எனக்கும் கணவருக்கும் வந்தால் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவோம். அம்மாவுக்கு 74 வயது, சிறுநீரகம் பலவீனம். நீரிழப்பை அவர் உடம்பு தாங்காது. இந்தக் கிருமிக்கு சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். அதைச் செய்துவிடலாம். ஆனால் குணமானவர்களிடமிருந்தும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ பரவலாமாம். கப்பல் ஊழியர்கள் அதே ஆட்கள்தானே?

இப்படிப் போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: பஃபே உணவை ஊழியர்களே பரிமாறினார்களா? மருத்துவ அறையில் டிரிப்ஸ் ஏற்ற முடியுமா? பணம் போனாலும் பரவாயில்லை, அம்மாதான் முக்கியம். வியாழனுக்குள் முடிவெடுக்க வேண்டும்.