நிலவறைச் சுவரில் ஓதம்: உள்ளே பூசினால் போதுமா, வெளியே தோண்ட வேண்டுமா?

ஈரச்சுவர்:
வணக்கம். எங்கள் வீட்டின் நிலவறை பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது. கான்கிரீட் பிளாக் சுவர், சுற்றிலும் களிமண். குளிர்காலத்தில் மண் இறுகி உறைந்துவிடும், அப்போது பெரிய தொல்லை இல்லை. பனி உருகத் தொடங்கியதும் சுவரும் தரையும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல் தண்ணீர் கசிகிறது. முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உள்பக்கம் வாட்டர்புரூஃப் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். அஸ்திவாரம் வரை வெளியே தோண்டியே தீர வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். யார் பேச்சைக் கேட்பது?

ஜன்னலோரம்:
முதலில் அது மண்ணிலிருந்து வருகிறதா, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறதா என்று பாருங்கள். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் வெளியிலிருந்து வரும் தண்ணீர். இரண்டும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு.

கடைக்கால்:
அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், நல்லது. ஆனால் பனி உருகும்போது மட்டும், அதுவும் தரை மூட்டில் வருகிறது என்றால் சுவருக்கு வெளியே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றுதான் பொருள். குளிர் மண்ணில் வீடு கட்டும் வேலையை மேற்பார்வை பார்ப்பதே என் தொழில். களிமண்ணில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உள்ளே பெயிண்ட் அடிப்பதை நான் ஒப்பவே மாட்டேன். சுவரோரம் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம். அது பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெயிண்ட் தாங்கினாலும் பிளாக்கின் பொந்துகளில் தண்ணீர் நிரம்பித்தான் இருக்கும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும், ஆகவே மண்மட்டத்தை ஒட்டிய பிளாக் உள்ளுக்குள்ளேயே பிளக்க ஆரம்பிக்கும். வெளியே ஊறிய களிமண்ணும் உறைந்து சுவரை உள்நோக்கித் தள்ளும். சுவரில் படுக்கைவாட்டாக ஒரு நீள விரிசல் இருக்கிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், பூச்சு பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரைச் சுவரில் தடுப்பது கடைசி வேலை. சுவருக்கு வரவிடாமல் செய்வதே முதல் வேலை. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், எனக்கு ஆதங்கமே அதுதான். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். அது இறங்கும் குழாய் வீட்டு மூலையிலேயே முடிந்தால், எந்தப் பூச்சு வாங்கினாலும் வீண். குழாயை இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். அப்புறம் மண்ணின் வாட்டம். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். சுவரோரம் நிரப்பிய மண் சில வருடங்களில் அமுங்கி, வாட்டம் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். பல வீடுகளில் இந்த இரண்டையும் சரிசெய்தாலே கசிவு பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. செய்து பார்த்து, ஒரு பனி உருகும் பருவம் பொறுத்திருந்து முடிவெடுங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் தோண்டத்தான் வேண்டும். தோண்டினால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிதுங்கி நிற்கும் சிமென்ட் கட்டிகளைத் தட்டி எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். சுவரும், அதைத் தாங்கும் அகலமான அஸ்திவார அடித்தளமான ஃபுட்டிங்கும் சேரும் மூலையில் கலவையைச் சரிவாக வைத்து, விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்கு மழுப்ப வேண்டும். இதன்மேல் ஒட்டப்போகும் நீர்த்தடுப்புச் சவ்வுத்தாள் செங்கோண மூலையில் மடங்கினால் கிழிவது அங்கேதான். இந்த மூலைக்கு ஒதுக்கும் அரை நாள், மீதிச் சுவர் முழுவதற்கும் கொடுக்கும் கவனத்தைவிட முக்கியம். வெறும் தார் பூச்சு ஓதத்தைத் தடுக்கும், ஆனால் விரிசல் விழுந்தால் தானும் பிளக்கும். இழுபடும் ரப்பர் வகைச் சவ்வு போடுங்கள். அதன்மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட், அப்புறம் தண்ணீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டி நுரைப் பலகை. பலகை சுவரைக் கதகதப்பாக வைக்கும், மண் நிரப்பும்போது சவ்வையும் காப்பாற்றும்.

அடியில் 100 மில்லிமீட்டர் துளைக்குழாய். துளை கீழே பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் கீழிருந்துதான் ஏறி வரும். மேலே பார்த்துப் போட்டால், குழாயே நிறைகிற அளவுக்கு மட்டம் ஏறிய பிறகுதான் அது வேலை செய்யும். கழுவிய ஜல்லியால் சுற்றிலும் மூடி, அந்த ஜல்லியையும் சேர்த்து தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியால் சுற்றுங்கள். குழாய் உள்தரையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டவே கூடாது. அடிமண் நழுவினால் வீடே இறங்கும்.

ஈரச்சுவர்:
மிக்க நன்றி. போய்ப் பார்த்தேன், கூரைக் குழாய் கசியும் மூலையிலேயேதான் இறங்குகிறது. படுக்கைவாட்டு விரிசல் இல்லை. ஒரு சந்தேகம்: எங்கள் மனை தட்டையானது. தோண்டிக் குழாய் போட்டாலும் தண்ணீரை எங்கே விடுவது? குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளாதா?

கடைக்கால்:
தாழ்வான இடம் இல்லை என்றால் நிலவறைக்குள் தண்ணீர் வந்து சேர ஒரு சம்ப் குழி எடுத்து, மிதவை சுவிட்ச் வைத்த மோட்டார் போட வேண்டியதுதான். பேட்டரியில் ஓடும் இரண்டாவது மோட்டாரும் அவசியம். மழையும் மின்வெட்டும் சேர்ந்தேதான் வரும். வெளியேற்றும் குழாய், சுவரைத் தாண்டியதும் வெளிநோக்கி வாட்டமாகப் போகட்டும். மோட்டார் நின்றதும் அது தானாகக் காலியாகிவிட வேண்டும், தேங்கினால்தான் உறையும். வெளிச்சுவரருகே குழாயில் ஒரு திறப்பும் விடுங்கள். முனை பனியில் அடைத்தாலும் தண்ணீர் அந்த வழியாக வெளியேறும், மோட்டார் திணறாது. அடிக்குழாய் உறைநிலை ஆழத்துக்குக் கீழே இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

குழாயின் மூலைகளில் மேலே எட்டும்படி சுத்தம் செய்யும் திறப்புகளையும் வையுங்கள். மண்ணில் இரும்பு அதிகம் என்றால் ஒருவகைப் பாக்டீரியா ஆரஞ்சு நிறக் கொழகொழப்பை உண்டாக்கித் துளைகளை அடைத்துவிடும். திறப்பு இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். இல்லாவிட்டால் மறுபடி தோண்டல்தான்.

மண்வெட்டி:
தோண்டுவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் இரண்டு டன் அளவுக்கு எடை வரும். ஆள் உயரப் பள்ளத்தில் முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது, இரண்டு நிமிட வேலைக்குக்கூட. எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் தள்ளிப் போடுங்கள். எரிவாயு, மின்சார, தண்ணீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்று குறித்துக்கொண்ட பிறகே கடப்பாரையை எடுங்கள். சுவர் முழுவதையும் ஒரே மூச்சில் திறக்காமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். உறைந்த மண்கட்டிகளைத் திரும்பப் போட்டு மூடாதீர்கள், உருகியதும் அமுங்கி வாட்டம் கெட்டுவிடும். வறண்ட பருவத்தில் ஆரம்பித்து, முதல் உறைபனிக்கு முன்பே மூடி முடித்துவிடுங்கள்.