மறு: பீட்டா ரீடர் – ‘வெள்ளோட்ட வாசகர்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாவல் வெளியாகும் முன் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லும் ‘பீட்டா ரீடர்’ என்பவருக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்விக்கு இதுவரை ‘முன்வாசகர்’, ‘சோதனை வாசகர்’, ‘முன்னோட்ட வாசகர்’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ‘முன்’ என்றதும் ‘முன்னாள்’ நினைவுக்கு வருகிறது. ‘சோதனை வாசகர்’ என்றால் வாசகரையே சோதிப்பது போலிருக்கிறது. முன்னோட்டத்தை சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, புத்தகம் தயாரான பின் விளம்பரத்துக்காக முன்கூட்டியே ஒருவருக்குப் பிரதி கொடுப்பார்களே, அவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நாம் தேடும் ஆள் அதற்கும் முன்னால் வருபவர். எழுதியவர் ஓரிரு முறை திருத்திவிட்டார், ஆனால் கதையை இன்னும் மாற்றலாம் என்ற நிலையில் படிப்பவர்.

என் பரிந்துரை ‘வெள்ளோட்ட வாசகர்’. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். எந்த முனையில் திரும்ப அடம்பிடிக்கிறது, எந்தச் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று அப்போதுதான் தெரியும். தச்சர் உளியை எடுக்க அப்போதும் நேரம் இருக்கும். வெளியிடும் முன் சிலரிடம் கொடுத்துப் பார்க்கும் மென்பொருள்காரர்களின் பீட்டாவும் இதே கட்டம்தான். எழுத்துலகம் அவர்களிடமிருந்துதான் சொல்லை வாங்கியது.

அப்புறம், இதில் வினையும் கிடைக்கிறது. ‘நாவலை வெள்ளோட்டம் விட்டிருக்கிறேன்’ என்று எழுத்தாளர் சொல்லலாம். ‘வெள்ளோட்டம் பார்த்துத் தருகிறேன்’ என்று வாசகர் சொல்லலாம். வினையாகப் புழங்காத கலைச்சொல் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது.

‘மெய்ப்புத் திருத்துநர் என்ற சொல்லே போதாதா’ என்று கேட்டவருக்கு: அது எழுத்துப்பிழை பார்ப்பவரின் பெயர், வேறு வேலை. நானும் இரண்டையும் ஒன்றாக நினைத்தவன்தான். ஒரு தோழி தன் நாவலின் பிரதியைத் தந்தபோது நாற்பது பக்கத்துக்கு ஒற்றுப்பிழைகளைச் சுழித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், “இதையெல்லாம் கடைசியில பாத்துக்கலாம். நீங்க எந்த இடத்துல மூடி வெச்சீங்க?” என்றார். ஏழாம் அத்தியாயம், கல்யாண வீடு. ஒரே பத்தியில் ஆறு உறவினர்கள் வருகிறார்கள். யார் சித்தப்பா, யார் மாமா என்று இரண்டு முறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன் என்றேன். அடுத்த வடிவில் அந்தப் பத்தியில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

வெள்ளோட்டம் பார்க்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் தாம் விரும்பிப் படிக்கும் கதை வகையிலேயே தொடங்கட்டும். முழு நாவலை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு அத்தியாயம் பார்த்துக் கொடுங்கள். எழுதியவருக்கு எதில் சந்தேகம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சலித்த இடம், குழம்பிய இடம், நம்ப முடியாத இடம், இவற்றைக் குறித்தால் போதும். திருத்தி எழுதித் தர வேண்டாம்.

இந்த வேலை தமிழுக்குப் பழக்கமானதுதான். ‘இறையனார் களவியல்’ என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலுக்கு எழுந்த உரைகளில் மெய்யுரை எது என்று அறிய, வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளை உருத்திரசன்மன் முன் அவற்றைச் சொன்னார்கள் என்பது பழங்கதை. மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் வடித்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும். இலக்கணம் எதையும் அவன் எடுத்துச் சொல்லவில்லை. எங்கே சிலிர்த்தது என்பதை வைத்தே முடிவு செய்தார்கள்.

முதல் வரைவையே படிக்கும் ஆல்ஃபா ரீடருக்குப் புதுச்சொல் வேண்டாம். ‘முதல் வாசகர்’ என்பதே போதும்.

யாழ்ப்பாணத்திலும் தேர் வெள்ளோட்டம் என்றே சொல்கிறார்கள். மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களே, உங்கள் பக்கம் இந்தச் சொல் பேச்சில் உண்டா?