பட்டர்ஃபிளையைத் தூக்கி நிறுத்தியது பாடகியா, திருத்தமா?

ராக்கோழி:
ஆப்பராவில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தூக்கம் வராமல் யூடியூபில் அலைந்தபோது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’யில் மாட்டிக்கொண்டேன், விடியும்வரை விடவில்லை. கீழே ஒருவர், இது முதல் நாளே படுத்துப்போன ஆப்பரா, ஒரு உக்ரைன் பாடகிதான் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தார். சோலோமியா குருஷெல்னிட்ஸ்கா என்று பெயர். தேடினால் இத்தாலிக்காரர்கள் அதைச் சாலோமெயா குருசெனிஸ்கி என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள், நான் முதலில் இரண்டு பேர் என்றே நினைத்தேன்.

இரண்டு சந்தேகம். பாடகியை மாற்றியதால் மட்டும் விழுந்த ஆப்பரா எழுந்துவிடுமா? அப்புறம், இத்தாலியில் வீடு வாசலோடு இருந்தவர் கடைசிக் காலத்தில் சோவியத் ஆட்சியில் இருந்த உக்ரைன் நகரம் லிவீவில் பாட்டு வாத்தியாராக இருந்தாராமே, அங்கே எதற்குப் போனார்?

தகரக்குழல்:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன், பழைய இசைத்தட்டுப் பைத்தியம் என்பதால்.

1904 பிப்ரவரி 17, மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கம். ரோசினா ஸ்டோர்கியோ பாடினார், அவர் ஒன்றும் லேசுப்பட்ட பாடகி இல்லை. ஆனால் கூட்டம் வம்புக்கென்றே வந்திருந்தது. ஒரு ராகம் தெரிந்த மாதிரி இருந்தால் “பொஹீம்! பொஹீம்!” என்று, புச்சினியின் பழைய ஆப்பராவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். காற்றில் ஜப்பானிய உடையான கிமோனோ உப்பியதும் கதாநாயகி பட்டர்ஃபிளை கர்ப்பம் என்று கூச்சல். விடியும் காட்சிக்காகப் பறவைச் சத்தம் வைத்திருந்தார்கள், அதைக் கேட்டதும் பார்வையாளர்களே கொக்கரிக்கவும் மாடு மாதிரி கத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். புச்சினி அந்த ஒரு இரவோடு அதை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, மே 28, பிரெஷியா என்ற சின்ன ஊரில் டியாட்ரோ கிராண்டே அரங்கம். ஸ்டோர்கியோ புவெனஸ் அயர்ஸுக்குப் போகவேண்டியிருந்தது, அந்த இடத்துக்கு வந்தவர்தான் நீங்கள் கேட்கும் பாடகி. அன்றைக்குப் பாட்டுகளை மறுபடி பாடச்சொல்லிக் கேட்டார்கள், புச்சினியை மேடைக்கு இழுத்தார்கள்.

ஆனால் “காப்பாற்றினார்” என்பதில் பாதிதான் உண்மை. நடுவில் புச்சினி வெட்டி ஒட்டியிருந்தார். மிலானில் இரண்டாம் அங்கம் ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சாக ஓடியது, அதை இரண்டாகப் பிளந்தார். டெனருக்கு, அதாவது மேல் ஸ்தாயி ஆண் குரலுக்கு, ஒரு விடைபெறும் பாட்டைப் புதிதாகச் சேர்த்தார். நான் நீதிபதி என்றால் திருத்தத்துக்கு ஐம்பது, பாடகிக்கு நாற்பது, மிலான் கூட்டம் பிரெஷியாவில் இல்லாததற்குப் பத்து மதிப்பெண் போடுவேன்!

வழிப்போக்கி:
@தகரக்குழல் நாற்பது குறைவு சார், சண்டைக்கு வருவேன்.

நான் போலந்தில் வேலை பார்த்தபோது இரண்டு நாள் லிவீவ் போயிருக்கிறேன், அங்கிருந்து வந்த ஒட்டுதல் இது. இந்தப் பெண் 1872இல் டெர்னோபில் பக்கம் பிலியாவின்சி என்ற கிராமத்தில் பிறந்தவர், அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கலீசியா மாகாணம். அப்பா பாதிரியார். பாதிரியாருக்கு எப்படி மகள் என்று கேட்காதீர்கள், கிரேக்கக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வீட்டுப் பெண் மேடையேறுவது லேசான காரியமா, நிச்சயமான கல்யாணமே முறிந்தது. அப்பா மட்டும் கூட நின்றார்.

லிவீவ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் வலேரி விசோட்ஸ்கி அவரை மெஸ்ஸோவாக, அதாவது கொஞ்சம் கீழ்ப்பக்கக் குரலாகப் பழக்கினார். 1893 ஏப்ரலில் அரங்கேறியதும் அந்தக் குரலில்தான், தோனிசெட்டியின் ‘லா ஃபவோரிட்டா’. அந்த ஊருக்குப் பாட வந்த இத்தாலியப் பாடகி ஜெம்மா பெல்லின்சியோனி கேட்டுவிட்டு, நீ இத்தாலிக்குப் போ என்றார். மிலானில் பாட்டு ஆசிரியை ஃபவுஸ்தா கிரெஸ்பி கேட்டுப் பார்த்து, இது மெஸ்ஸோ இல்லை, சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் என்று சொல்லிவிட்டார். மேடையேறிக் கைதட்டல் வாங்கியவர் மறுபடி அடியிலிருந்து குரலைக் கட்டவேண்டும், யோசித்துப் பாருங்கள். பிற்பாடு பிரெஷியாவில் கேட்டது அந்த இரண்டாவது குரலைத்தான், அதனால்தான் நாற்பது போதாது என்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. 1906 டிசம்பரில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’ ஆப்பரா இத்தாலிக்கு வந்தது. 22ஆம் தேதி தூரினில் ஸ்ட்ராஸே இசைக்குழுவை நடத்த, பாடியவர் அதே பெல்லின்சியோனி. நாலே நாள் கழித்து லா ஸ்காலாவில் தோஸ்கானினி நடத்த, பாடியவர் நம்மவர்.

ராக்கோழி:
குரலையே மாற்றிக்கொண்டார் என்பது எனக்குப் புதுசு. சரி, லிவீவுக்கு ஏன் திரும்பினார்?

வழிப்போக்கி:
திரும்பினார் என்பதைவிடச் சிக்கினார் என்பதுதான் சரி. 1910இல் செசாரே ரிச்சியோனி என்ற வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டு வியாரெஜியோ கடற்கரை ஊரில் இருந்தார். 1920வாக்கில், குரல் நன்றாக இருக்கும்போதே, ஆப்பராவை விட்டுவிட்டார், கச்சேரி மட்டும். கணவர் இறந்தபின் 1939 ஆகஸ்டில் சொந்தக்காரர்களைப் பார்க்க லிவீவ் வந்தார். செப்டம்பர் 1 போர். அந்த மாதமே சோவியத்தின் செம்படை ஊருக்குள். வந்த வழி மூடிவிட்டது.

பல வருஷம் முன்னால் அவரே வாங்கிப்போட்டிருந்த வீட்டை அரசு எடுத்துக்கொண்டு மாடியில் ஒரு பகுதியை மட்டும் விட்டது. அப்புறம் ஜெர்மானியர்கள் வந்தார்கள், அந்தக் காலத்தில் வீட்டில் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். 1944இல் சோவியத் மறுபடி வந்தபின் கன்சர்வேட்டரியில் வேலை. பேராசிரியர் பட்டம் எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? 1952 அக்டோபர். நவம்பர் 16 இறந்துவிட்டார், எண்பது வயது. தோஸ்கானினியோடு பாடியவர் பாடம் நடத்தத் தகுதியானவரா என்று முடிவுக்கு வர அவர்களுக்கு எட்டு வருஷம்.

மோர்க்குழம்பு:
ஒருதலையாகப் போகிறது. 1951இல் உக்ரைன் சோவியத்தின் மரியாதைப் பட்டம் கொடுத்தார்கள், எழுபது தாண்டியும் மேடை கொடுத்தார்கள். அதையும் எழுதுங்கள். இன்னொன்று, இன்று லிவீவ் ஆப்பராவுக்கு அவர் பெயர்தான், அங்கேதான் அரங்கேறினார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது எப்படி முடியும், அந்தக் கட்டடம் திறந்ததே 1900இல்! அரங்கேற்றம் பழைய ஸ்கார்பெக் அரங்கில்.

வழிப்போக்கி:
பட்டம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டைப் பிடுங்கியதும் உண்மைதான். அந்த வீடு இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம், தெருவுக்கும் அவர் பெயர்.

ராக்கோழி:
அப்படியென்றால் முதலில் எந்த இசைத்தட்டைக் கேட்பது?

தகரக்குழல்:
தம்பி, நேராகப் பட்டர்ஃபிளைக்குப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. தகரக் குழலின் வாய்க்கு நேராக நின்று பாடவேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மேல் ஸ்தாயி வரும்போது ஊசி துள்ளாமல் இருக்கப் பாடகி ஒரு அடி பின்னால் போகவேண்டும், கீழே இறங்கும்போது மறுபடி முன்னால். இவருடைய மாதிரி அகலமான குரலில் பாதி அந்தக் குழலுக்குள் நுழையவே இல்லை. 1928இல் வட அமெரிக்காவில் உக்ரைன் குடியேறிகளுக்குப் பாடப் போனார், அந்தச் சமயத்தில் பதிவான நாட்டுப்பாடல்களில் ஆரம்பியுங்கள். அதற்குள் மைக் வந்துவிட்டது. வயது ஐம்பத்தைந்து, ஆனாலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். ஹெட்போன் வேண்டாம், தட்டின் இரைச்சல் காதைக் குத்தும்.