டாட்காம், டாட்இன் மாதிரி ஒரு டொமைன்ல எந்தப் பேர் யாருக்குன்னு மொத்தக் கணக்கும் வச்சிருக்கிற ரிஜிஸ்ட்ரியை யார் நடத்தணும், பெரிய கம்பெனியா சின்ன கம்பெனியா?

பூம்பாறை பூண்டு:
மூணு வருஷம் முன்னாடி எங்க மலைப்பூண்டு விக்க வெப்சைட் போட்டோம். டாட்காம்ல நாங்க கேட்ட பேர் கிடைக்கல, அதனால ஒரு சின்ன கம்பெனி நடத்துற புது டொமைன்ல 99 ரூபாய்க்கு எடுத்தோம், சாக்குலயும் அதையே அச்சடிச்சாச்சு. அடுத்த வருஷம் ரினியூவல் 2,900. கட்டினோம். அதுக்கடுத்த வருஷம் அதுக்கும் மேல, முடியாதுன்னு விட்டுட்டோம். இப்ப ஷெட்ல 400 சாக்கு கிடக்கு, ஒவ்வொண்ணுலயும் அந்த முகவரி மேல பெயின்ட் அடிச்சு அழிக்கிறோம், பூண்டு வாசத்தோட பெயின்ட் வாடையும் ஏறி வாங்க வர்றவங்க மூக்கைச் சுளிக்கிறாங்க. ஒரு டொமைன் மொத்தத்துக்கும் கணக்கு வச்சிருக்கிற வேலை சின்ன கம்பெனிக்கு ஆகாது.

கோத்தகிரி தேயிலை:
அண்ணா, உங்க வயித்தெரிச்சல் புரியுது. ஆனா பெரிய கம்பெனி மட்டும் யோக்கியமா? டாட்காம் வெரிசைன்ங்கிற அமெரிக்கக் கம்பெனி கையில இருக்கு. 2003 செப்டம்பர்ல, இல்லாத டாட்காம் பேர் எதை அடிச்சாலும் தன்னோட பக்கத்துக்குப் போற மாதிரி மாத்திட்டாங்க, சைட் ஃபைண்டர்னு பேரு. மெயில் அனுப்புன முகவரியோட டொமைன் நிஜமா இருக்கான்னு பார்த்து ஸ்பாம் தடுத்துட்டிருந்த மெயில் சர்வரெல்லாம் தடுமாறிப்போச்சு. உலகம் முழுக்க டொமைன் பேருக்கு விதி வைக்கிற ஐகான் அமைப்பு கண்டிச்சதுக்கு அப்புறம்தான் அக்டோபர்ல நிறுத்துனாங்க. விலையும் பாருங்க, 2021 வரைக்கும் ஒரு பேருக்கு 7.85 டாலர் வாங்கினவங்க 2024 செப்டம்பர்ல அதை 10.26 ஆக்கிட்டாங்க. டாட்காமை விட்டுப் போக முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல.

குன்னூர் நெட்வொர்க்:
தம்பி, அந்த விலையாவது ஒப்பந்தத்துல உச்சவரம்பு போட்டு ஏறுது. டாட் வெட் கதை தெரியுமா? கல்யாணத்துக்குன்னே ஒரு சின்ன கம்பெனி எடுத்த டொமைன், ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா 30,000 டாலர்னு வச்சாங்க, வியாபாரம் ஓடல. 2017 டிசம்பர்ல ஐகான் அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற ஏற்பாட்டுல பிரிட்டனோட டாட்யூகே ரிஜிஸ்ட்ரியான நாமினெட் வந்து தாங்கிப் பிடிச்சுது. மழையில மண் சரிஞ்சு ரோடு போனா எங்க ஆபீஸ் லைனை எடுக்கவே ரெண்டு நாள் ஆகுது, ரிஜிஸ்ட்ரி விழுந்தா அந்த டொமைன்ல இருக்கிற அத்தனை சைட்டும் மெயிலும் சேர்ந்தே விழும். அதுக்குப் பல நாட்டுல சர்வர் வேணும், ராத்திரி பகல் ஆள் வேணும்.

கோத்தகிரி தேயிலை:
சார், அங்கதான் நான் வர்றேன். நாங்க அரை ஏக்கர் தோட்டக்காரங்க, பச்சை இலையைப் பறிச்சுக் கூட்டுறவு ஃபேக்டரிக்குக் கொடுக்கிறோம், மெஷின் எங்க வீட்ல இல்ல, அதுக்காக நாங்க தேயிலை விவசாயி இல்லையா? ரிஜிஸ்ட்ரியும் அப்படித்தான். டாட்இன் நிக்ஸி கையில, அது லாப நோக்கம் இல்லாத அமைப்பு. பின்னாடி மெஷின் ஓட்டுற கம்பெனி முதல்ல அஃபிலியாஸ், 2019ல நியூஸ்டார், அதோட ரிஜிஸ்ட்ரி வியாபாரத்தை 2020ல கோடாடி வாங்குச்சு, இப்ப டூகோஸ். ஆள் மாறுச்சு, உங்க பேர் மாறல. பேரோட உரிமையும் விதியும் சின்ன அமைப்புகிட்ட இருக்கட்டும், மெஷினை யாரு வேணா ஓட்டட்டும்.

குன்னூர் நெட்வொர்க்:
இதை ஒத்துக்கிறேன். ஆனா லாபம் பாக்காத அமைப்புன்னும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. டாட்ஆர்க்குக்கு இருந்த விலை வரம்பை 2019 ஜூன்ல எடுத்தாங்க, நவம்பர்லயே அதை வச்சிருந்த இன்டர்நெட் சொசைட்டிங்கிற லாப நோக்கம் இல்லாத அமைப்பு, ஈத்தோஸ் கேப்பிடல்ங்கிற முதலீட்டுக் கம்பெனிக்கு விக்கப் போறோம்னாங்க, 113.5 கோடி டாலர். உலகம் முழுக்க தொண்டு அமைப்புங்க கத்தினதுக்கு அப்புறம் 2020 ஏப்ரல் 30ல ஐகான் மறுத்துச்சு. பூம்பாறை அண்ணா, ஒண்ணு கேளுங்க, புது டொமைன்ல ரினியூவல் விலை ஏத்தணும்னா ரிஜிஸ்ட்ரி 180 நாள் முன்னாடி ரிஜிஸ்ட்ராருக்கு, அதாவது நமக்குப் பேரை விக்கிற கம்பெனிக்குச் சொல்லணும், அதுக்குள்ள பழைய விலைக்கே 10 வருஷம் வரைக்கும் புதுப்பிக்க விடணும். யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?

பூம்பாறை பூண்டு:
யாரும் சொல்லலயே சார். ரிஜிஸ்ட்ராருக்குப் போன கடுதாசி விவசாயிக்கு வரலைன்னா அந்த விதி யாருக்கு? அதைத்தான் ஐகான் பாக்கணும். சரி, நான் இப்ப டாட்இன்ல 10 வருஷத்துக்குச் சேத்துக் கட்டிடறேன், அப்புறம்தான் சாக்கு அச்சடிக்கக் கொடுப்பேன்.